குற்றமும் குறிப்பேடும்



காவல் துறை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை காக்கிச் சட்டையும் தொப்பியுந்தாம். துப்பறிதல் என்றால், காலடிச் சுவட்டைக் குனிந்து நோக்கும் ஒரு மனிதரை நாவல்கள் நமக்குப் பழக்கிவிட்டன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ, சீருடை அணியாத, துப்பாக்கி ஏந்தாத, பெரும்பாலும் குற்றவாளியின் முகத்தையே நேரில் காணாத ஒருவருடைய உத்தியோகத்தைப் பற்றி. குற்றப் பகுப்பாய்வாளர் என்று அவருக்குப் பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதில் அனுபவம் முதிர்ந்தவரை முதுநிலைப் பகுப்பாய்வாளர் என்கிறார்கள். அவர் என்னதான் செய்கிறார் என்று கேட்பீர்கள். அதற்கு இலக்கணம் வகுப்பதைவிட, அத்தகையவர் இல்லாதிருந்த காலத்தில் என்ன நேர்ந்தது என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் என்றொரு பிரதேசம் உண்டு. லீட்ஸ், பிராட்போர்டு முதலிய ஆலை நகரங்கள் அங்கே இருக்கின்றன. 1975 முதல் 1980 வரை அந்நகரங்களிலும் அண்டையிலுள்ள மான்செஸ்டரிலும் 13 பெண்கள் ஒரே மனிதனால் கொல்லப்பட்டனர். வேறு பலர் தாக்குண்டு உயிர் தப்பினர். போலீசார் வாளாவிருக்கவில்லை. ஐந்தாண்டு காலம் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறை சொல்ல நான் துணியேன்.

கிடைத்த செய்தியையெல்லாம் அவர்கள் அட்டைகளில் எழுதி அடுக்கினார்கள். ஆளின் பெயருக்கு ஓர் அட்டை, வண்டிக்கு ஓர் அட்டை, தெருவுக்கு ஓர் அட்டை என்று லீட்ஸ் நகரத்துக் காவல் நிலையத்தில் அவை மலைபோல் குவிந்தன. எழுதுவோரின் கையைவிட வேகமாகச் செய்திகள் வந்தன. எனவே அடுக்க வேண்டிய அட்டைகள் அடுக்கப்படாமலே நாட்கணக்கில் தேங்கின. ஒரு மனிதனைப் பற்றி இன்று விசாரிக்கப் போகிறவருக்கு, அவனை முன்பே வேறொருவர் வேறொரு காரணத்துக்காக விசாரித்திருக்கிறார் என்பது தெரியாமற் போயிற்று.

பிராட்போர்டில் லாரி ஓட்டிவந்த பீட்டர் சட்கிளிஃப் என்பவனே அந்தக் கொலையாளி. அவன் பிடிபடுவதற்கு முன் போலீசார் அவனை எத்தனை முறை விசாரித்தார்கள் என்று எண்ணுகிறீர்கள்? ஒன்பது முறை! 1977-ல் மான்செஸ்டரில் கொலையுண்ட பெண்ணின் கைப்பையில் ஒரு புத்தம் புதிய ஐந்து பவுன் நோட்டு கிடைத்தது. அதன் எண்ணைக் கொண்டு, எந்த வட்டாரத்து ஆலைகளில் சம்பளமாக அது போயிருக்கலாம் என்று கண்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளரை விசாரித்தார்கள். அவர்களில் அவனும் ஒருவன். இரவு நேரங்களில் குறிப்பிட்ட தெருக்களில் திரியும் வண்டிகளின் எண்களைக் குறித்தார்கள். அவற்றில் அவனுடைய வண்டி பலமுறை இடம் பெற்றது. 1979 ஜூலையில் அவன் வீட்டுக்குச் சென்ற துப்பறியும் போலீசாருக்கு அவன்மீது ஐயமே எழுந்தது. அறிக்கையும் எழுதினார்கள். அந்த அறிக்கை கோப்பில் சேர்க்கப்பட்டது. கோப்பு அலமாரியில் உறங்கியது. அதன்பின் மூன்று பெண்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் கல்லூரி மாணவியர், உங்களைப் போன்றவர்கள்.

அறிக்கை ஏன் உறங்கியது? அதே ஆண்டு ஜூன் மாதத்தில் விசாரணைத் தலைவருக்கு ஓர் ஒலிநாடா வந்திருந்தது. நானே கொலையாளி என்று ஒரு குரல் அதில் பேசிற்று. அக்குரலின் பேச்சு வழக்கு வடகிழக்கே சண்டர்லேண்டு நகரத்தைச் சேர்ந்தது என்று மொழியறிஞர்கள் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கண்டது சரியே! ஆனால் பேசியவன் கொலையாளி அல்லன், வீண் குறும்பு செய்த ஒரு பொய்யன். முன்னரே வந்திருந்த கடிதங்களில் கண்ட செய்திகள் செய்தித்தாளைப் படித்த எவரும் எழுதக்கூடியவை என்று ஐயுற்றவர்கள் காவல் துறையிலேயே இருந்தார்கள். அவர்கள் சொல் எடுபடவில்லை. அந்தப் பேச்சு வழக்கு இல்லாதவனை ஐயப்பட வேண்டியதில்லை என்று ஒரு விதி ஏற்பட்டுவிட்டது. யார்க்‌ஷயர்க்காரனான சட்கிளிஃப் அந்த விதியின் நிழலில் வெளியே நடந்தான். பொய்யன் பிடிபட்டது 2005-ல். மறு ஆண்டு அவனுக்கு எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இதனினும் மனத்தை வருத்துவது மற்றொன்று. கொலையுண்டோர் ஒரு குறிப்பிட்ட வகைப் பெண்களே என்று தொடக்கத்தில் முடிவு கட்டிவிட்டார்கள். 1975-ல் கிராமப்புறச் சாலையில் தாக்குண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைத் தாக்கியவனின் முக அடையாளத்தை மிக நன்றாகச் சொன்னாள். அவள் பள்ளிச் சிறுமி. அவர்கள் வகுத்த வகைக்குள் அடங்கவில்லை. ஆகவே அவள் சொன்னது இந்த வழக்கின் அட்டைகளோடு சேரவே இல்லை. பெண்களைப் பற்றி அன்று பயன்படுத்திய சொற்களுக்காக மேற்கு யார்க்‌ஷயர்க் காவல் துறை 2020-ல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

1981 ஜனவரி 2-ஆம் நாள் இரவு, ஷெஃபீல்டு நகரில் ரோந்து சென்ற இரண்டு போலீசார் ஒரு காரின் எண் பலகை பொய்யானது என்று கண்டு அதிலிருந்தவனைப் பிடித்தார்கள். மறுநாள் இரவு அவர்களுள் ஒருவர் தாமாகவே அவ்விடத்துக்குத் திரும்பிச் சென்று தேடியபோது சுத்தியலும் கத்தியும் அகப்பட்டன. அட்டைகளால் ஆகாதது ஒரு சார்ஜண்டின் நினைவாற்றலால் ஆயிற்று.

இந்தத் தோல்வியைப் பற்றி லாரன்ஸ் பைஃபோர்டு என்னும் உயர் அதிகாரி அதே ஆண்டு ஓர் அறிக்கை தந்தார். பொதுமக்கள் அதைப் படிக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். அதன் பயனாக 1980-களின் நடுவில் பெரிய வழக்குகளுக்கென்று பிரிட்டன் முழுவதற்கும் பொதுவான கணிப்பொறி முறை ஒன்று வந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டினால் ஹோம்ஸ் என்று வரும்படி அமைத்தார்கள். துப்பறியும் கதைப் பிரியர் யாரோ சூட்டிய பெயர் போலும்! கணிப்பொறி அட்டையைக் கண நேரத்தில் தேடித் தரும். ஒலிநாடா பொய்யாக இருக்கலாமே என்று அது கேட்காது. அதைக் கேட்கும் மனிதரே நாம் பேசிக்கொண்டிருக்கும் பகுப்பாய்வாளர்.

இதைச் சொல்லும்போது என் பள்ளியில் நான் செய்த தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓராண்டு வகுப்பறைகளிலிருந்து பேனாவும் சில்லறைப் பணமும் ஒரு கைக்கடிகாரமும் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமற் போயின. ஒரு பையன்மீது எல்லோருக்கும் ஐயம். காரணம் என்ன தெரியுமா? அவன் ஏழை, அவ்வளவே. நானும் அவனை என் அறைக்கு அழைத்து, இரண்டு முறை, பிறர் கேட்கும்படியே வினவினேன். பின்னர் ஒரு நாள் மாலை, பொருள்கள் தொலைந்த ஏழு நாட்களையும் ஒரு தாளில் எழுதி, வருகைப் பதிவேட்டை அருகில் வைத்துப் பார்த்தேன். அவற்றுள் மூன்று நாட்களில் அந்தப் பையன் பள்ளிக்கே வரவில்லை. பதிவேடு என் மேசைமேல்தான் ஆண்டு முழுவதும் இருந்தது. அவன் வீட்டுக்குப் போய் அவனுடைய தந்தையிடம் வருத்தம் தெரிவித்தேன். பையன் வெளியே வரவில்லை.

பகுப்பாய்வாளரின் தினசரி வேலை, அந்தத் தாளை எழுதுவதுதான். அதை முன்னதாகவே எழுதுவதுதான். எந்தத் தெருவில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில், எவ்வகையில் குற்றம் நடந்தது என்று பட்டியலிட்டு, நிலப்படத்தில் குறித்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார். ஒரு வட்டாரத்தில் புகார் பெருகினால் குற்றம் பெருகிற்றா, அல்லது மக்கள் புகார் கொடுக்கத் துணிந்தார்களா என்று வினவுகிறார். இந்த வினா அற்பமானதன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை, நாளைய குற்றம் எங்கே நடக்கும் என்று பழைய புள்ளிகளைக் கொண்டு கணிப்பொறியால் கணித்துவந்தது. அது ஏழைகளும் சிறுபான்மையோரும் வாழும் தெருக்களுக்கே மீண்டும் மீண்டும் போலீசாரை அனுப்புகிறது என்று கண்டனம் எழுந்தது. 2020-ல் அம்முறையைக் கைவிட்டார்கள். செலவைக் குறைக்கவே கைவிடுவதாகச் சொன்னார்கள். எங்கே தேடுகிறோமோ அங்கே அகப்படுகிறது. அகப்பட்டதால் மீண்டும் அங்கேயே தேடுகிறோம். என் பள்ளிப் பையனின் கதையும் இதுவே அல்லவா?

இனி, இப்பணிக்குரிய யோக்கியதை யாது என்று கேட்பவர்களுக்குச் சில சொற்கள். பிரிட்டனில் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களையோ, அதற்கு ஈடான அனுபவம் உள்ளவர்களையோ எடுக்கிறார்கள். புள்ளியியல், புவியியல், உளவியல், சமூகவியல், வரலாறு, எதுவாயினும் தடையில்லை. ஒழுக்கமும் பின்னணியும் கடுமையாக ஆராயப்படும். முதலில் செய்தி திரட்டும் உதவியாளராகச் சேர்ந்து, பின் பகுப்பாய்வாளராகி, பல ஆண்டுகளில் முதுநிலை அடைகிறார்கள். 1990-ல் தொடங்கிய குற்றப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்று தேர்வு நடத்திச் சான்றும் அளிக்கிறது. நம் நாட்டில் 1986-ல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஏற்பட்டது. காவல் நிலையங்களைக் கணிப்பொறியால் இணைக்கும் திட்டத்துக்கு 2009-ல் அரசு ஒப்புதல் தந்தது. எனவே ஆவணத்துக்கு இங்கும் குறைவில்லை.

முதுநிலையாளருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு கணக்குத் திறமையில் இல்லை. இளையோர் எழுதிய அறிக்கையைத் திருத்துகிறவர் அவர். "இது உமக்குத் தெரியுமா, அல்லது ஊகமா?" என்று ஒவ்வொரு வரியையும் கேட்கிறவர் அவர். மேலதிகாரி விரும்பாத முடிவை, அவர் முகத்துக்கு நேரே, மரியாதையாகச் சொல்ல வேண்டியவரும் அவரே. அதிகாரிக்குப் படிக்கப் பத்து நிமிடம் இருந்தால் மிகுதி. ஆகவே இரண்டு பக்கத்தில், ஐயத்துக்கிடமின்றித் தாய்மொழியில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் நூறு வாங்குகிற மாணவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

பழகிப் பார்க்க விரும்புவோர் உங்கள் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, காலையில் தாமதமாக வருவோரின் பதிவேட்டை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை விட்டுவிடுங்கள். கிழமை, வரும் தெரு, வரும் பஸ், தாமதமான நிமிடம், இவற்றை மட்டும் வரிசைப்படுத்துங்கள். என்ன தெரிகிறது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். அதன் கீழே ஒரு கோடிட்டு, இந்தப் பதிவேட்டிலிருந்து தெரியாதது என்னென்ன என்று மற்றோர் அரைப் பக்கம் எழுதுங்கள். இரண்டாவது பாதியை எழுதுவதற்குத்தான் நேரம் மிகுதியாகப் பிடிக்கும்.