மூண்டு இஞ்சி தூக்கின கெப்: உஷார்!

மாரி வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் ஒரு பேச்சு சூடுபிடிக்கும். 2024 நவம்பரில் பெங்கல் புயலோடு வந்த மழைக்குப் பிறகும் அப்படித்தான், 2025 நவம்பரில் டித்வா வந்துபோன பிறகும் அப்படித்தான். "அண்ணை, கெப்பை ஒரு மூண்டு இஞ்சி தூக்கிவிடுவம். பேந்து வெள்ளமும் ஒண்டுதான், கிடங்கும் ஒண்டுதான். பாக்கவும் எடுப்பா இருக்கும்."

எடுப்பாக இருக்கும் என்பது மட்டும் உண்மை. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, மருதனார்மடம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றி, இடைக்கிடை ஏ-9 பிடித்துக் கொழும்புக்கும் ஓடுகிற டபுள் கெப்புக்கு 3 அங்குல லிஃப்ட் வேண்டாத வேலை. வேண்டாத வேலை என்பதோடு நின்றால் பரவாயில்லை. அது பிறேக்கையும் ஸ்ரேரிங்கையும் தொட்டுவிடுகிறது. பொருத்துகிறவர் அதைச் சொல்வதில்லை. பல வேளை அவருக்கே தெரியாது.

முதலில் உயரக் கணக்கு. ஹைலக்ஸ், டி-மக்ஸ், எல்-200, நவாரா என்று இங்கே ஓடும் கெப்புகள் அநேகமாக எல்லாவற்றிலும் பின்பக்கம் ஒரே துண்டான கட்டை அச்சு. அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷல் குண்டுதான் பின்பக்கத்தில் நிலத்துக்குக் கிட்ட இருக்கும் பகுதி. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது பொடியும் சேசிசும்தான். டிஃபரன்ஷல் ரயரோடு நிற்கிறது. அது இம்மியும் ஏறாது. அதை ஏற்றப் பெரிய ரயர் ஒன்றே வழி. 265/65 அளவு 17 அங்குல ரயரைக் கழற்றி 285/70 போட்டால் விட்டம் 776 மி.மீ.இலிருந்து 831 ஆகும். அதில் பாதி, ஏறக்குறைய 27 மி.மீ.தான் டிஃபரன்ஷலுக்குக் கிடைக்கும். ஒரு அங்குலம்! அதற்கு விலையாக மீற்றரில் 70 காட்டும்போது வண்டி உண்மையில் 75இல் போகும். ரயரின் பாரமும் கூடும், பிறேக்கின் வேலையும் கூடும், டீசலும் கூடும்.

வெள்ளத்துக்கு உதவாதா என்று கேட்பீர்கள். காற்று இழுக்கும் குழாய் 3 அங்குலம் மேலே போகும், மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலை உயரத்திலேயே இப்போதைய ஹைலக்ஸ் 700 மி.மீ. தண்ணீரையும் ரேஞ்சர் 800 மி.மீ. தண்ணீரையும் கடக்கலாம் என்று அவற்றைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். அது ஒரு வளர்ந்த ஆளின் தொடைவரை. அதற்கு மேல் தண்ணீர் நிற்கும் ஒழுங்கைக்குள் வாய்க்கால் எங்கே, மதகு எங்கே, கட்டில்லாத கிணறு எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஓடுகிற தண்ணீர் என்றால் இரண்டு அடி ஆழமே கெப்பை இழுத்துக்கொண்டு போகப் போதும். லிஃப்ட் போட்ட தைரியத்தில் இறங்குகிறவர்தான் இதில் அகப்படுவார். இன்னொன்று: பின் அச்சுக்கு மூச்சுவிட ஒரு சின்ன வால்வு இருக்கிறது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, அந்த வால்வு வழியே தண்ணீரை உறிஞ்சும். டிஃபரன்ஷல் எண்ணெய் பால்நிறமாகும், பெயரிங் போகும். அந்த வால்வில் நீளமான ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி மேலே கொண்டுபோனால் விசயம் முடிந்தது. லிஃப்ட் கிட்டின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. அதைச் செய்யச் சொல்லி ஒருவரும் உங்களிடம் வரமாட்டார்கள், அதில் இலாபம் இல்லையே.

மணற்காடு, சுண்டிக்குளம் பக்கம் மணலில் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். மணலில் வண்டியைக் காப்பது ரயரின் காற்றைக் குறைப்பது. உயரம் அங்கே இரண்டாம் பட்சம்.

இப்போது பிறேக். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஏபிஎஸ் இல்லாத பழைய கெப் உங்களிடம் இருந்தால் ஒருமுறை பின்னால் குனிந்து பாருங்கள். பின் அச்சுக்குக் கொஞ்சம் மேலே, சேசிசில் ஒரு சின்ன வால்வு பூட்டியிருக்கும். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று அச்சுவரை இறங்கும். செம்மண்ணும் துருவும் ஏறி, அது என்னவென்று கண்டுகொள்ளக் கடினமாகவே இருக்கும். பின்பெட்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று வண்டி அறிந்துகொள்வது அந்தக் கம்பியால்தான். பாரம் ஏறினால் சேசிஸ் தாழும், கம்பி மேலே தள்ளப்படும், பின் பிறேக்குக்கு அழுத்தம் கூடும். பெட்டி வெறுமையாக இருந்தால் சேசிஸ் உயரும், கம்பி இறங்கும், பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலாதிருக்க அழுத்தம் குறையும்.

இப்போது பின்பக்கத்தை 3 அங்குலம் தூக்குங்கள். கம்பி இறங்கிவிட்டது. பத்து மூட்டை வெங்காயம் ஏற்றினாலும் அந்த வால்வுக்குப் பெட்டி வெறுமைதான். பின் பிறேக் பேருக்குப் பிடிக்கும், முன் பிறேக் தனியே மாயும். ஓட்டுகிறவருக்குத் தெரிவதெல்லாம் "பிறேக் கொஞ்சம் மெதுவாப் பிடிக்குது" என்பதுதான். கம்பி பூட்டிய தாங்கியை உயர்த்தி, அளந்து, மறுபடி சரிசெய்தால் இது தீரும், அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் அனுப்பிய வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் மோசம், இடைஞ்சலாக இருக்கிறதென்று கம்பியைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிடுவது. அப்போது வெறும் வண்டியிலும் பின்சக்கரத்துக்கு முழு அழுத்தம். மழை ஈரத்தில் ஒருமுறை அழுத்திப் பிடித்தால் வண்டி குறுக்கே திரும்பும். பிறேக் ஓஸின் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் தொங்கும்போது விறைத்து நிற்கிற ஓஸ் ஒருநாள் அறுந்தே தீரும்.

அடுத்தது கவிழ்வது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறது: இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தட அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் பிரிப்பது. கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். கெப், ஜீப் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. குறையக் குறைய ஆபத்து. தட அகலம் 1,540 மி.மீ., மையம் 700 மி.மீ. என்று வைத்தால் 1.1 வருகிறது. லிஃப்டும் பெரிய ரயரும் சேர்ந்து மையத்தை 70 மி.மீ. உயர்த்தினால் அது 1.0. அதாவது உங்கள் கெப்பை அந்த வகையின் அடித்தட்டுக்கு நீங்களே காசு கொடுத்து இறக்குகிறீர்கள்.

கணக்கு பொய் என்கிறவர்களுக்கு ஒரு சோதனை. சுவீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் என்ற வாகனச் சஞ்சிகை, திடீரென்று றோட்டில் மிருகம் குறுக்கிட்டால் வண்டி எப்படித் தப்பும் என்று பார்க்கும். 2007இலும் 2016இலும் ஹைலக்ஸ் அந்தச் சோதனையில் தோற்றது, சக்கரங்கள் நிலத்தைவிட்டுக் கிளம்பின. டொயோட்டா நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைத் திருத்திய பிறகே அது 2017இல் தேறியது. தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருந்த, ஒரு போல்ட் கூட மாற்றாத ஹைலக்ஸின் கதை இது. அங்கே குறுக்கிடுவது காட்டுக் கடமான். இயக்கச்சி, பளைப் பக்கம் இரவில் ஏ-9இல் படுத்திருப்பது கட்டாக்காலி மாடு. வித்தியாசம் அவ்வளவுதான். இங்கே ஓடும் பழைய கெப்புகள் பலவற்றில் அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியே கிடையாது.

முன்பக்கத்தைத் தூக்கினால் சக்கரத்தின் சாய்வுக் கோணங்கள் மாறும். திருப்பிய ஸ்ரேரிங் தானாக நேருக்கு வராது, வண்டி நேர் றோட்டிலும் அலையும். சோளகம் அடிக்கிற காலத்தில் சங்குப்பிட்டிப் பாலத்திலோ ஆனையிறவிலோ ஒருக்கால் ஓடிப் பாருங்கள், நான் சொல்வது கையிலேயே தெரியும். ஒரு விறைப்பான ஸ்பேசர் வட்டை ஷொக்கின் தலையில் வைத்து "லிஃப்ட்" என்று விற்பது மலிவு வேலை. ஒரு அங்குல வட்டு சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் காட்டும். சக்கரம் கீழே தொங்க இடம் போய், போல் ஜொயின்ற் எல்லையில் நின்று இடிக்கும். அச்சுத் தண்டின் முட்டுகள் வளைந்த கோணத்தில் சுற்றி, ரப்பர் உறை கிழிந்து, மணல் புகும். பழைய எல்-200 போன்றவற்றில் முறுக்குக் கம்பியின் போல்ட்டை இறுக்கினாலே முன்பக்கம் ஏறிவிடும், செலவில்லை. இந்தச் செலவில்லாத லிஃப்டுக்கு ஆசைப்பட்டவர்கள் பிறகு போல் ஜொயின்றுக்குச் செலவழிக்கிறார்கள். பின்னால் ஸ்பிரிங் பிளேட்டுக்கும் அச்சுக்கும் இடையில் இரும்புப் புளொக் வைப்பதும் அப்படியே. புளொக்குக்கு மேல் புளொக் அடுக்கியிருந்தால் அந்த வண்டியில் ஏறவே வேண்டாம்.

எங்கள் கடற்காற்று இதில் தனிப் பகை. 2014இல் டொயோட்டா அமெரிக்காவில் 6 இலட்சத்து 90 ஆயிரம் டக்கோமா கெப்புகளைத் திருப்பி அழைத்தது. அழுத்தத்தாலும் துருவாலும் பின் ஸ்பிரிங் பிளேட் முறியக்கூடும் என்பதே காரணம். உப்புக் காற்றில் ஊறிய பழைய பிளேட்டின்மேல் புது யூ-போல்ட்டும் புளொக்கும் போட்டு இறுக்கினால் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒழுங்கைக்கு வருவோம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி ஆய்வகம் வெளியிட்ட ஆய்வில், பொனட் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வாகனம் மோதினால், 30 அங்குலமோ குறைவோ உள்ள சரிந்த முக வாகனத்தைவிட, நடந்துபோகிறவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 வீதம் கூட என்று வந்தது. கெப்பின் பொனட் லிஃப்ட் இல்லாமலே அந்த உயரத்துக்குக் கிட்ட. உரும்பிராயிலோ இணுவிலிலோ ரியூசன் விடும் நேரம், இரண்டு பக்கமும் மதில், நடுவில் சைக்கிள்கள். பொனட்டுக்குக் கீழே நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை உங்கள் கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஹெட் லைற்றும் மேல்நோக்கித் திரும்பி, எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணைப் பறிக்கும். லைற்றின் கோணத்தைத் திருத்த ஒரு திருகாணிதான். அதையும் யாரும் தொடுவதில்லை.

சட்டப் பக்கம்: 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் இறங்கியபோது பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பொருத்தியவற்றைக் கழற்றச் சொன்னதை மறந்திருக்கமாட்டீர்கள். கெப் விலக்கு என்று யாரும் எழுதித் தரவில்லை. காப்புறுதிக்காரரிடம் லிஃப்டைப் பற்றி எழுத்தில் அறிவித்து, எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஸ்பானரை எடுக்க விடாதீர்கள். விபத்துக்குப் பிறகு வந்து வண்டியின் உயரத்தை அளக்கப் போகிறவர் அவர்தான்.

பலருக்கு உண்மையில் வேண்டியது லிஃப்டே இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய கெப்பையே போட்டு உழைத்ததில் பிளேட் தட்டையாகிவிட்டது, ஷொக் செத்துவிட்டது. வண்டி குந்துகிறது, குந்துவதை லிஃப்டால் மறைக்கப் பார்க்கிறார்கள். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடுக்குமிழிலிருந்து மட்கார்ட் வளைவுவரை அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் வேறுபட்டாலோ, பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தாலோ, புது ஸ்பிரிங்கும் நல்ல ஷொக்கும் போட்டு அசல் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். இழந்ததென்று நினைத்த உயரம் அங்கேயே கிடைத்துவிடும்.

அதன் பிறகும் உயர்த்தத்தான் வேண்டும் என்றால் 40 மி.மீ.இல் நில்லுங்கள். லிஃப்டுக்குப் பேர்போன அவுஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்களில் 50 மி.மீ.க்கு மேல் போனால் பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும். அங்கிருந்து சித்தப்பா மகன் கிட் கொண்டுவந்தால் பெட்டியில் எழுதியிருக்கும் பாரத்தைப் பாருங்கள். எப்போதும் 300 கிலோ ஏற்றி ஓடுகிறவருக்குச் செய்த ஸ்பிரிங்கை வெறும் பெட்டியோடு ஓடும் வண்டியில் போட்டால் பின்பக்கம் துள்ளும், ஈர றோட்டில் பிடி போகும். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே செட்டாக இருக்கட்டும். எலைன்மென்ற் செய்து, முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைக் கையில் வாங்குங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்குவியுங்கள்.

பழைய கெப் வாங்கப் போகிறவர்கள் இன்னும் கவனம். உயர்ந்து நிற்கிற வண்டியைக் கண்டு மயங்காமல் ஒரு சாக்கை விரித்துப் பின்னால் படுத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். பிளேட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் புளொக் இருக்கிறதா, முன் ரயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பின் அச்சின் அந்த மெல்லிய கம்பி இருந்த இடத்தில் இருக்கிறதா? கம்பி கட்டுக்கம்பியால் மேலே கட்டியிருந்தால் விலை பேசவே வேண்டாம், எழும்பி வாருங்கள்.