இடம்பெயர்ந்த நூலகமும் அதன் பழைய முகவரியும்

அச்சேறிய நூலின் அடிக்குறிப்பில் ஒருமுறை இடம்பெற்றுவிட்ட இணைய முகவரியைப் பின்னர் எவராலும் திருத்த இயலாது. நூலகம் ஒன்று தன் இணையப் பக்கங்களை வேறோர் முகவரிக்கு மாற்றும்போது எழும் சிக்கல்கள் அனைத்திற்கும் இதுவே வேர். புதிய முகவரியை அறிவித்த அளவில் தம் கடமை முடிந்ததென நிறுவனத்தார் கருதுவர். ஆயின், இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இராஜாக்கமங்கலத்தில் அமர்ந்திருக்கும் மாணவரை அவ்வறிவிப்பு எட்டுவதில்லை. அவர் அறிந்தது பழைய முகவரி ஒன்றே. அது திறவாவிடில், நூலே இல்லை என எண்ணுவார். அன்றேல் நாகர்கோவிலுக்குப் பேருந்தேறுவார்.

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கும் இத்தன்னார்வ முயற்சி, தொடக்கத்தில் தமிழ்.நெட் தளத்தின் ஓர் உட்பகுதியாக இருந்தது. பின்னரே தனக்கெனத் தனி முகவரி பெற்றது. முகப்புக் குறிப்பைச் சிதைக்காது எவரும் நூலைப் பகிரலாம் என்பது அதன் நிபந்தனை. அக்குறிப்பிலே திட்டத்தின் முகவரியும் உண்டு! ஆகவே, ஆதியில் வெளிவந்த படிகள் பழைய முகவரியைத் தாங்கியே பல திசைகளிலும் பரவின. எழுத்துக் குறியீடும் இடையில் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறிற்று. எனினும் நூல்களுக்கு இட்ட வரிசை எண் நிலைத்தது. திருக்குறள் இன்றும் முதல் எண்ணிலேயே உள்ளது. முகவரி தவறினும் எண்ணைக்கொண்டு நூலைத் தேடிக்கொள்ளலாம்.

வேறொரு வழியும் உண்டு. 2001-இல் நிறுவப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் இணைய முகவரியை அது மாற்றவில்லை. அம்முகவரியிலுள்ள ‘வி.யூ.’ என்னும் இரண்டெழுத்துகள் பழைய பெயரின் எச்சமே. பெயருக்குப் பொருந்தாத முகவரி சிலர் கண்ணை உறுத்தலாம். வாசகருக்கோ அதனால் இழப்பு எதுவுமில்லை.

மாற்றியே தீரவேண்டுமாயின் செய்யவேண்டியது யாது? வீடு மாறுகிறவர் தபால்காரரிடம் சொல்லிச் செல்வதைப் போன்றதே அது. வாசகரின் கருவி பழைய முகவரியைக் கேட்கும்போது, அங்குள்ள வழங்கிக் கணினி 301 என்னும் எண்ணோடு புதிய முகவரியையும் விடையாக அனுப்புகிறது. ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்பது அவ்வெண்ணின் பொருள். கருவி தானாகவே புதிய இடத்திற்குச் செல்லும். தேடுபொறிகளும் தம் பதிவைத் திருத்திக்கொள்ளும். 302 என்பதோ தற்காலிக மாற்றத்தையே குறிக்கும். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தோர் அதனைப் பயன்படுத்துவது பொருந்தாது.

இங்கு மலிந்து காணப்படும் பிழை ஒன்றுண்டு. பழைய பக்கங்கள் எதைக் கேட்டாலும் புதிய தளத்தின் முகப்பிற்கே அனுப்பிவிடுகின்றனர். ஒரு நூலின் நாற்பதாம் பக்கத்தை நாடி வந்தவரை வாயிற்படியில் நிறுத்திவிட்டு, வழிகாட்டினோம் என்பது எங்ஙனம் பொருந்தும்? சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காத்தல். அட்டைப் பட்டியல் வழங்கிய காலத்தில் ஒரு தலைப்பு மாறினால், பழைய தலைப்பின் இடத்திலே ‘காண்க’ என்னும் அட்டை ஒன்றைச் செருகி வைப்பர். ஒவ்வொரு தலைப்பிற்கும் தனித்தனி அட்டை. இணையத்திலும் பழைய பக்கம் ஒவ்வொன்றிற்கும் நேரான புதிய பக்கத்தைக் குறிக்கும் பட்டியல் தேவை. சலிப்பூட்டும் வேலைதான், கணினியின் துணையோடு பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

பழைய முகவரியின் பதிவுக் கட்டணத்தையும் ஆண்டுதோறும் செலுத்தி வரவேண்டும். செலுத்தத் தவறினால் வேறொருவர் அதனை வாங்கிக்கொள்வார். நூலகம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் நிற்பதும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, மேற்கோளாகக் கொண்ட செய்தியிடம் வாசகரைச் சேர்ப்பதில்லை என ஹார்வர்டு ஆய்வாளர் 2014-இல் காட்டினர். நீதிமன்றத்திற்கே இந்நிலையெனில் நம் ஆய்வேடுகளைக் குறித்துச் சொல்லவேண்டுவதில்லை. எனவே ஆய்வு எழுதுவோர் வெறும் முகவரியோடு நில்லாது நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, மின்தொகுப்பின் எண், பார்த்த நாள் ஆகியவற்றையும் அடிக்குறிப்பில் சேர்த்தெழுதுவது நன்று.