ரேடார் கதிர் நம்மைத் தாக்குமா?

சேரன்மகாதேவிக்கு மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால், சுமார் 75 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் விமான நிலையம் உள்ளது. இத்தகைய நிலையங்களின் ரேடார்கள் வீசும் கதிரால் நமக்குத் தீங்கு நேருமா?

கதிர்வீச்சு என்றதும் எக்ஸ் கதிர் நினைவுக்கு வரும். ரேடார் அலையோ ரேடியோ அலையின் இனம். 2800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஃபோட்டானுக்கு, அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கே உண்டு. எனவே, அறியப்பட்ட விளைவு உடல் சூடாவதே. எவ்வளவு சூடு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

5 லட்சம் வாட் திறனுள்ள ஒரு ரேடாரை எடுத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 1000 துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொன்றும் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். ஆகவே சராசரித் திறன் 500 வாட்தான்! ஆன்டெனா சுழல்வதால், ஒன்றரைப் பாகை அகலமுள்ள கற்றை ஒரு சுற்றில் 240-இல் ஒரு பங்கு நேரமே நம்மை நோக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் சராசரி, சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது. பொதுமக்களுக்கான பன்னாட்டு வரம்பு 10 வாட். நடுப்பகல் வெயிலோ சுமார் 1000 வாட்! தொலைவு இருமடங்கானால் செறிவு நான்கில் ஒன்றாகும்.

ஆனால், சுழலாமல் நிற்கும் ஆன்டெனாவின் முன், மிக அருகில் நிற்பது ஆபத்தே. அதனால்தான் பழுதுபார்க்குமுன் அலைபரப்பியை நிறுத்திவிடுகின்றனர். ‘கதிர்’ என்ற சொல்லைக் கண்டு அஞ்சாதீர்கள். எந்தக் கதிர், எவ்வளவு, எவ்வளவு தொலைவில் என்று கேளுங்கள்.