பாலங்களின் கதை – 7: நாலு கிணறு பிடித்திருக்கும் பாலம்

திற்பரப்பு அருவியில் குளித்துத் தலை துவட்டியதும் வெளியூர்க்காரர்கள் விசாரிப்பது மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வழி. 1966-இல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம். தொட்டிக்குள் தண்ணீர் போகும், மேலே ஆட்கள் நடப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். இந்த வாரம் நாம் போவது, அதைவிட ஏறக்குறைய தொண்ணூறு வயது மூத்த புனலூர் தொங்கு பாலத்துக்கு.

புனலூர் இன்று கேரளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்பு திற்பரப்பு, செங்கோட்டை, புனலூர் எல்லாம் ஒரே ஆளுகைதான். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் இறங்கிக் கொல்லத்துக்குப் போகும் மாட்டுவண்டிகளுக்குக் குறுக்கே நின்றது கல்லடையாறு. அதன்மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1877-இல் இந்தப் பாலத்தைக் கட்டினார். 1880-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆட்சி திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாளுடையது. திவான் நாணு பிள்ளை நம் நெய்யூர்க்காரர். இதை நெய்யூரிலேயே எத்தனை பேர் அறிவார்கள் என்பது சந்தேகம்.

உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின்மேல் 1779-இல் எழுந்தது. அதை வார்ப்பிரும்பில், வளைவாகத்தான் கட்டினார்கள். வார்ப்பிரும்பு எவ்வளவு பாரத்தையும் தலையில் சுமக்கும்; பிடித்து இழுத்தால் விரிசல் விட்டுவிடும். தொங்கு பாலத்துக்கு இழுவை தாங்கும் சங்கிலி வேண்டும். புனலூரில் அப்படி இரண்டு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 53 கண்ணிகள். இரு கரையிலும் கருங்கல் வளைவுகளின்மேல் ஏறி இறங்கும் சங்கிலியின் நுனிகள் மண்ணுக்குள் மறைகின்றன. அங்கே அவற்றை நங்கூரமிட்ட நாலு கிணறுகள். ஆழம் நூறு அடிக்கு மேல் என்கிறார்கள். நானூறு அடி நீளமும் இருபது அடி அகலமும் கொண்ட தளத்தை, மரப்பலகையும் வண்டியும் மாடுமாக, இழுத்துப் பிடித்தது அந்த நங்கூரந்தான். பாலத்தைப் படம் பிடிக்கிறவர்கள் வளைவுகளோடு நின்றுவிடுகிறார்கள். வேலை நடப்பது கேமரா எட்டாத ஆழத்தில்.

பாலத்தின் வலுவைக் காட்ட ஆறு யானைகளை அதில் நடக்கவிட்டு, ஹென்றி குடும்பத்தோடு அடியில் படகில் உட்கார்ந்திருந்தாராம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல பாலங்களுக்கு இந்த யானைக் கதை உண்டு, அதனால் நான் சிரித்துக்கொண்டு கேட்பதோடு சரி. காட்டு மிருகம் அக்கரையிலிருந்து ஊருக்குள் வராதபடி, கால் வைத்ததும் நடுங்கும்படி கட்டினார்கள் என்றும் சொல்கிறார்கள். சங்கிலிப் பாலம் எதுவானாலும் காலடிக்குக் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். அதைத் தனி உத்தியாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

பக்கத்திலேயே கான்கிரீட் பாலம் வந்ததும் வண்டிகள் அங்கே மாறின. பழைய பாலம் நடப்பவர்களுக்கு மட்டும் என்றானது. கேரளத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது. செங்கோட்டை–கொல்லம் ரயிலில் போகிறவர்கள் புனலூரில் இறங்கிப் பாருங்கள். பாலத்தை நடந்து கடந்தபின், கரையில் சங்கிலி மண்ணுக்குள் இறங்கும் இடத்தையும் தேடிப் போங்கள்.

அடுத்த வாரம் அதே ரயில் பாதையில் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம்.