தடைக்காலத்தில் வரும் விண்ணப்பம்

ராமநாதபுரம் கடற்கரையில் ஆண்டுதோறும் இரண்டு நாட்காட்டிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒன்று மீன்வளத் துறையுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மற்றது கல்வித் துறையுடையது. 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8-ஆம் தேதி வந்தது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் மே 7-இல் தொடங்கி 27-இல் முடிந்தது. பொறியியல் சேர்க்கைக்குப் பதிவு செய்ய ஜூன் 6 வரை அவகாசம் இருந்தது. அதாவது, ஒரு மாணவனின் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கும் அத்தனை தேதிகளும் அவன் வீட்டில் அடுப்பெரிவதே கடனில் நடக்கும் நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மீனவர் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள், முதலில் இந்தத் தேதிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

நாட்டம் இல்லை என்பதற்கு மதிப்பெண்கள் சாட்சி சொல்லவில்லை. 2018-இல் நிதி ஆயோக் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று ராமநாதபுரம். அந்த மாவட்டம்தான் அண்மை ஆண்டுகளில் பிளஸ் டூ தேர்வில் 90 சதவீதத்துக்கு மேல் தேர்ச்சி காட்டி வருகிறது. கல்லூரி இல்லை என்றும் இனிச் சொல்ல முடியாது. ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, பரமக்குடியில் அரசு கலைக் கல்லூரி, ராமேஸ்வரத்திலேயே அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி, கீழக்கரையில் பொறியியல் கல்லூரியும் பெண்கள் கல்லூரியும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று வரிசை நீள்கிறது. உயர்கல்வியில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி என்பதும் உண்மை. 2021-22 கணக்குப்படி இந்தியாவின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டின் விகிதம் 47. ஆனால் மாநிலச் சராசரி என்பது கோயம்புத்தூரையும் பாம்பனையும் ஒன்றாகக் கலந்து சொல்லும் எண். நூற்றுக்கு நாற்பத்தேழு என்று பெருமைப்படும்போதே மிச்சமுள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். தேர்ச்சியும் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது என்றால், பிள்ளைகள் கைநழுவிப் போகும் இடம் இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சில வாரங்கள்தான்.

அந்த வாரங்களில் ஒரு விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் என்ன நடக்கிறது? படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனில் பங்குதான் வருமானம். படகு நின்றால் பங்கும் நிற்கும். அரசின் தடைக்கால நிவாரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் அது 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. இரண்டு மாத அரிசி பருப்புக்கே அது போதாது. படகு உரிமையாளர் வீட்டிலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. தடைக்காலம்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து வண்ணம் பூசும் காலம் என்பதால், வரவு இல்லாத நாட்களில்தான் செலவு மிகுதி. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் அவர்கள் கையில் சேமிப்பு என்று ஒன்று தங்குவது அரிது. இந்த நேரத்தில்தான் பிளஸ் டூ முடித்த பையன் வீட்டில் இருக்கிறான். சும்மா இருக்கிறானே என்று கிடைத்த கூலி வேலைக்கு அனுப்பப்படுகிறான். ஜூன் 15-இல் படகுகள் மறுபடி புறப்படும்போது வீட்டில் பணம் புழங்கத் தொடங்குகிறது. படகுக்கும் ஆள் தேவைப்படுகிறது. பணம் வந்த அன்று விண்ணப்பத் தேதி போய்விட்டது. அவனும் படகில் ஏறிவிட்டான். இதை யாரும் தீர்மானம் போட்டுச் செய்வதில்லை. தேதிகள் அவர்களுக்காகத் தீர்மானித்துவிடுகின்றன.

பணத்தை விடவும் சிக்கலானது காகிதம். அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய் போதும். ஆனால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் பெறவில்லை என்பதற்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வேண்டியிருக்கிறது. ஆதாரில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறு எழுத்து என்றால் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்க வேண்டும். படித்த அப்பா இருக்கும் வீட்டில் இது ஒரு வார அலைச்சல். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலைப் பார்க்கப் போகிற பெண்ணுக்கு, எந்தச் சான்றிதழ் எதற்கு என்று சொல்லவே ஆளில்லை. எந்தப் பாடத்தை முதல் விருப்பமாகப் போடுவது, கலந்தாய்வில் எந்தச் சுற்றில் எதை விடலாம், கட்-ஆஃப் என்றால் என்ன என்பதெல்லாம் அதற்கு அப்பால்.

இந்த மண்ணின் மிகப் பெரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அப்துல் கலாமின் வாழ்க்கை நம் பள்ளிகளில் தனிமனித உறுதியின் கதையாகச் சொல்லப்படுகிறது. அவரே எழுதிய அக்கினிச் சிறகுகளைக் கவனித்துப் படித்தால் வேறொன்றும் தெரியும். ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு ஐயாத்துரை சாலமன் என்ற ஆசிரியர் இருந்தார். படிப்பைப் பற்றியும் வெளி உலகத்தைப் பற்றியும் பேச ராமேஸ்வரத்திலேயே மைத்துனர் ஜலாலுதீன் இருந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துச் சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, சேருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையிடம் அந்தப் பணம் இல்லை. சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கலாமின் திறமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. ஆனால் வழி தெரிந்த ஒருவரும், குறித்த நாளில் கைக்கு வந்த பணமும் இல்லாவிட்டால் அந்தத் திறமை எந்தக் கரையில் ஒதுங்கியிருக்கும்? ஜலாலுதீனும் ஜொஹராவும் இல்லாத வீடுகளுக்கு அந்த இரண்டையும் யார் தருவது என்ற கேள்விக்கு, கலாமைப் பற்றிய மேடைப் பேச்சுகள் பதில் சொல்வதில்லை.

கூட இருந்து வழிகாட்டுவது பலன் தரும் என்பது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த எளிய குடும்பங்களை வைத்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தை அங்கேயே உட்காரவைத்துப் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். கூட உட்கார்ந்து பூர்த்தி செய்த வீடுகளில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் குறிப்பிடும்படி எந்த மாற்றமும் இல்லை. வேறு நாடு, வேறு முறை என்றாலும் அந்த முடிவு ராமநாதபுரத்துக்கு நேராகப் பேசுகிறது. துண்டறிக்கையும் ஊக்க உரையும் செய்யாத வேலையை, பக்கத்தில் உட்கார்ந்து செலவழிக்கும் அரை மணி நேரம் செய்கிறது.

அரசு சும்மா இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லை, நிறையச் செய்கிறது; அதை மனமாரச் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்தில் தொடங்கி, பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை விரிந்திருக்கிறது. திறன் வளர்க்கும் நான் முதல்வன், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழிகாட்டும் கல்லூரிக் கனவு, சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் போகும் உயர்வுக்குப் படி முகாம்கள் எல்லாம் சரியான திசையில்தான் இருக்கின்றன. குறை, நேரத்தில் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருவது. கல்லூரியில் சேர்வதற்கு முன் வேண்டிய பணத்துக்கு அது ஈடாகாது. உயர்வுக்குப் படி முகாம்கள் பெரும்பாலும் சேர்க்கை தொடங்கிய பிறகே நடக்கின்றன. அதற்குள் நல்ல பாடப்பிரிவுகளின் இடங்கள் நிரம்பிவிடுகின்றன. கல்லூரிக் கனவு நிகழ்ச்சியும் ஓர் அரங்கில் ஒரு நாள் கூட்டமாகவே முடிந்துபோகிறது.

பட்டம் வாங்கியவனே வேலையில்லாமல் இருக்கிறானே, எதற்கு இந்தப் பாடு என்ற கேள்வி கடற்கரை ஊர்களில் அழுத்தமாகவே எழும். அதை அலட்சியம் செய்யக் கூடாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் இந்தியப் பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேர் வேலையற்றோர். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அது 3.4 சதவீதம். இந்த எண்ணைக் காட்டிப் படிக்காமலிருப்பதே மேல் என்று முடிவு கட்டுவது தவறு. எழுத்தறியாதவர் வேலையின்றி ஒரு வாரம்கூட இருக்க முடியாது. எந்தக் கூலிக்கும் போயாக வேண்டும். பட்டதாரி காத்திருக்கிறார், தேடுகிறார். ஆனால் இந்த எச்சரிக்கையின் நியாயமான பாதியை ஏற்க வேண்டும். எந்தக் கல்லூரியானாலும் சரி, எந்தப் பாடமானாலும் சரி என்று பிள்ளையைத் தள்ளிவிடுவது வழிகாட்டுதல் ஆகாது. ரிசல்ட் வந்த மறுநாளே வெளியூர்த் தனியார் கல்லூரிகளின் ஏஜெண்டுகள் வீடு தேடி வருவது, வழி தெரியாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிவதால்தான். அந்த வெற்றிடத்தை நம்பகமானவர்கள் நிரப்பாவிட்டால் அவர்களே நிரப்புவார்கள்.

கடலை விட்டு எல்லோரையும் துரத்துகிறீர்களா என்பது இன்னும் ஆழமான மறுப்பு. கடல் தொழில் குறைந்த தொழிலல்ல. அதற்கு வேண்டிய அறிவு எந்தப் பட்டத்துக்கும் இளைத்ததுமல்ல. ஆனால் பாக் நீரிணையில் அந்தத் தொழில் நெருக்கடியில் இருக்கிறது என்பதை ராமேஸ்வரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு கூட்டியது. எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டால் ஒரு குடும்பத்தின் மொத்த முதலும் போகிறது. கல்லூரி என்பது கடலுக்கு முதுகு காட்டுவதாகவும் இருக்க வேண்டியதில்லை. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1971 வரை மண்டபத்தைத்தான் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. இன்றும் அதன் மையம் அங்கே இயங்குகிறது. 2010-இல் கோபியா மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது அந்த மையம்தான். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. அதே பகுதியில் வளமாவூரில் 127 கோடி ரூபாய் மதிப்பில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் ஆய்வுக்கூடங்களில் வெளியூர்ப் பட்டதாரிகள் அமர்ந்து, பாசி எடுத்தே கை கிழிந்த பெண்களின் மகள்கள் வாசலில் கூலிக்கு நிற்கும் நிலை வந்தால், அதைவிட அநியாயம் வேறில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய கனவுகள் அல்ல. தேதியோடு கட்டிய சிறிய வேலைகள். சான்றிதழ்கள் அனைத்தும் பிளஸ் ஒன் படிக்கும்போதே, கடற்கரை ஊர்களில் நடக்கும் இ-சேவை முகாம்களில் வாங்கி முடிக்கப்பட வேண்டும். பெயர் எழுத்துப் பிழைகள் அப்போதே திருத்தப்பட வேண்டும். விண்ணப்பம் திறக்கும் வாரத்தில் அந்தந்தப் பள்ளியின் கணினி அறை திறந்திருக்க வேண்டும். வகுப்பாசிரியரும் அதே ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன அண்ணன் அக்காமார் இருவர் மூவரும் அங்கே இருக்க வேண்டும். அவர்களுக்கு அந்த நாட்களுக்கான ஊதியம் தருவது மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பயனாளிகளுக்கு முதல் மூன்று மாதத் தொகையைச் சேர்க்கைக் கடிதம் காட்டிய அன்றே தரலாம். அந்த ஏற்பாடு வரும்வரை பொறுக்க முடியாத ஊர்களில், மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஜமாத்தோ திருச்சபையோ ஊர்க் கமிட்டியோ சேர்க்கைக் கட்டணத்தை மே மாதத்தில் கடனாகக் கொடுத்து, படகுகள் கடலுக்குப் போன பின் ஏலத் தொகையிலிருந்து சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்ளலாம். வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்துப் பழகிய கடற்கரை இது. அந்தப் பேரேட்டில் கல்லூரிச் சேர்க்கைக்கும் ஒரு பக்கம் ஒதுக்க, தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன்பே சங்கங்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.