உங்களுக்குத் தெரியுமா? பானைக்காக ஒரு பனிச்சண்டை

புதுச்சேரியில் பெத்தாங்க் ஆடுபவர்கள் வீசும் இரும்புக் குண்டின் விட்டம் 7 முதல் 8 சென்டிமீட்டர். ஐஸ் ஹாக்கியின் ரப்பர் வட்டுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்: 7.62 சென்டிமீட்டர். ஒற்றுமை அதோடு சரி. வட்டு துள்ளிவிடக் கூடாதென்று ஆட்டத்துக்கு முன் அதை உறையவைப்பார்கள்! நம் ஊர் வெயிலில் நடக்கிற காரியமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் கல்லூரி, பாஸ்டன் பல்கலைக்கழகம், ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் ஆகிய நான்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பங்காளிகள் மாதிரி. இவை மோதும் 'பீன்பாட்' ஐஸ் ஹாக்கிப் போட்டி 1952 டிசம்பரில் தொடங்கியது. இப்போது பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் நடக்கிறது. கோப்பை, அவரை இன விதைகளை வெல்லப்பாகு விட்டு மெதுவாக வேகவைக்கும் பானையின் வடிவில் இருக்கும். அப்படி வேகவைத்த விதைகள்தான் பாஸ்டனின் பேர்போன பண்டம்.

1978 பிப்ரவரி 6 அன்று அரையிறுதி நடந்துகொண்டிருக்க, வெளியே பெரும் பனிப்புயல். வீடு திரும்ப வழியில்லாமல் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் பாஸ்டன் கார்டன் அரங்கத்திலேயே படுத்து உறங்கினார்கள். சிலருக்கு அந்த வாசம் நாள்கணக்கில் நீண்டது. இறுதி ஆட்டம் மார்ச் 1-க்குத் தள்ளிப்போனது.

பாவம் நார்த்ஈஸ்டர்ன்! அந்தப் பானையை முதன்முதலில் அது தொட்டது 1980-இல்தான். பெண்களுக்கான பீன்பாட் அதற்கு ஓராண்டு முன்பே தொடங்கிவிட்டது.