“கணக்கு வராதுக்கா”: எந்த இடத்துல வரல?

செங்கல்பட்டு ரயில்ல போறவங்களுக்கு எங்க சிங்கப்பெருமாள் கோயில் தெரிஞ்சிருக்கும், குடைவரை நரசிம்மர் இருக்கிற ஊர். இங்க நான் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா இருந்தேன். கொரோனா காலத்துல பள்ளிகள் மூடிக் கிடந்து, பிள்ளைங்க விட்டுப்போன பாடங்களை மீட்கறதுக்காக 2021 அக்டோபர்ல தமிழக அரசு தொடங்கின திட்டம். சாயங்காலம் 5-லிருந்து 7 மணிக்குள்ள வகுப்பு, மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரே ஆள்தான் எல்லாப் பாடத்துக்கும். நான் படிச்சது பி.காம்.; அறிவியல் சந்தேகம்னாலே வயிறு கலங்கும்.

ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு. பரீட்சையில வாக்கியக் கணக்கு வந்தா படிக்காமலே விட்டுடுவா. “எனக்குக் கணக்கு வராதுக்கா”ன்னு முடிவே பண்ணிட்டா. ‘ஒரு ரயில் 45 நிமிடத்தில் 30 கி.மீ. செல்கிறது. அதன் வேகம் மணிக்கு எத்தனை கி.மீ.?’ நான் போர்டுல 40-ன்னு போட்டுக் காட்டினேன், எழுதிக்கிட்டா. மறுநாள் எண்ணை மாத்திக் கொடுத்தா வெறும் தாள்.

எனக்குக் கோவம்தான் வந்தது. அப்புறம், “கேள்வியைச் சத்தமா படி. என்ன கேட்குறாங்க, உன் வார்த்தையில சொல்லு”ன்னேன். அவ கேட்டா: “எத்தனை மணிக்குன்னே போடலையேக்கா?”

அஞ்சு மணிக்கு ட்யூஷன், ஆறு மணிக்கு பஸ். அவளுக்குத் தெரிஞ்ச ‘மணிக்கு’ அதுதான்! ‘ஒரு மணி நேரத்துல எவ்வளவு தூரம்’னு மாத்திச் சொன்னதும், 15 நிமிஷத்துக்கு 10, அப்போ நாலு பத்துன்னு அவளே போட்டுட்டா. சிக்கல் தமிழ்ல இருந்தது.

தலைகீழாவும் நடக்கும். மாமல்லபுரம் பாடம். “நரசிம்மவர்மன் பட்டத்துக்கு வந்தது 630-ன்னா ஆறாம் நூற்றாண்டுதானே?”ன்னான் ஒருத்தன். இது வரலாற்றுச் சந்தேகமே இல்ல, எண்ணுறதுல வர்ற சந்தேகம். 12 வயசு முடிஞ்சவனுக்கு நடக்கிறது 13 இல்லையா? அதே மாதிரி 600 முடிஞ்சா ஏழாவது நூறு.

அதனால இப்பல்லாம் விடையைச் சொல்ல அவசரப்படுறதில்ல. படிக்கச் சொல்லி, எங்க தடுக்குதுன்னு பார்க்கிறேன். எனக்கே தெரியலன்னா, “நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்”ன்னு நோட்டுல எழுதிக்கிறேன்.

அந்தப் பொண்ணு அன்னைக்கே எழுத வச்சா: “ரெண்டுக்கும் ஏன்க்கா ஒரே வார்த்தை வச்சாங்க?”